பகல் 12.41-க்குப் படுத்திருந்தவர்

1

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனை வளத்தில் முளைத்ததல்ல, வாட்ஸ்அப்பில் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரே படம் இரண்டு குழுக்களிலிருந்து, ஆறு நிமிட இடைவெளியில், என் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. வாய்க்கால் கரை. ஒரு வேப்பமரம். அதன் நிழலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மல்லாந்து கிடக்கிறார். முகத்தில் துண்டு, பக்கத்தில் மண்வெட்டி. படத்தின் மூலையில் தேதியும் நேரமும் பதிந்திருந்தன: பகல் 12.41.

முதல் குழுவில் படத்துக்கு மேலே எழுதியிருந்தது: "மக்கள் வரிப்பணத்தில் மதியத் தூக்கம்! இதற்குப் பெயர்தான் நிவாரணமா?"

இரண்டாவது குழுவில்: "பசியால் மயங்கிச் சரிந்த பாட்டாளி! இதற்குப் பெயர்தான் நிவாரணமா?"

பின்பாதி இரண்டிலும் ஒன்றுதான் என்பதைக் கவனித்தீர்களா? நான் கவனிக்கவில்லை. முதலாவதற்குச் சிரிக்கும் பொம்மையும் இரண்டாவதற்குக் கைகூப்பும் பொம்மையும் போட்டு, ஒவ்வொன்றையும் ஐந்து பேருக்குத் தள்ளிவிட்டேன். இரண்டு பட்டியலிலும் என் சகலை இருந்தார். உடனே போன் பண்ணினார். "என்ன அண்ணாச்சி, ஆளு தூங்குதானா, மயங்கிட்டானா? ஏதாவது ஒண்ண முடிவு பண்ணி அனுப்பும்."

அதற்குப் பதில் தெரியாமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

[முதலில் இதைக் கட்டுரையாக எழுதினேன். ஒரு பத்திரிகை 'அரசுக்குச் சாமரம் வீசுகிறது' என்று திருப்பி அனுப்பியது. இன்னொன்று 'அரசின் மீது காழ்ப்பு தெரிகிறது' என்றது. இரண்டுக்கும் அனுப்பியது ஒரே கட்டுரை. ஒரு கமா கூட மாற்றவில்லை. கதையாக எழுதினால் யாரும் படிக்கப்போவதில்லை, ஆகவே யாருக்கும் கோபம் வராது என்று இந்தப் பக்கம் வந்துவிட்டேன்.]

2

முதல் தொடக்கம்: "தாமிரபரணி அன்றும் வழக்கம்போல் சலசலத்து ஓடிக்—"

அடித்துவிட்டேன். திருநெல்வேலியில் பேனா பிடிக்கிறவன் எவனும் ஆற்றில் ஒரு முழுக்குப் போடாமல் கதைக்குள் வருவதில்லை. அதுவும் பாவம், எத்தனை பேரைத்தான் சுமக்கும்.

இரண்டாம் தொடக்கம்: "பொருளாதார மந்தநிலை என்பது உற்பத்திக்கும் தேவைக்கும் இடையே ஏற்படும்—"

வாசித்துக் காட்டினேன். என் மனைவி கொட்டாவி விட்டாள். அடித்துவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம்: "தேவதாசனுக்குப் பசித்தது."

நல்ல வாக்கியம். இரண்டே சொல். பரிசுக் குழுவினருக்குப் பிடிக்கும். ஆனால் பொய். அன்று காலை ஒன்பதரைக்கு அவர் பழைய சோறும் சுட்ட கருவாடும் வயிறாரச் சாப்பிட்டிருந்தார். வயிறு நிறைந்த ஏழையை வைத்துக்கொண்டு ஒரு கதாசிரியன் படும் பாட்டை யாரும் எழுதியதில்லை.

நான்காம் தொடக்கம்: "தேவதாசன் வேலையை முடித்துவிட்டார்."

இதுதான் உண்மை. எல்லாக் கெடுதலும் இதிலிருந்துதான் ஆரம்பித்தது. இதையே வைத்துக்கொள்வோம்.

3

தேவதாசனுக்கு ஐம்பத்திரண்டு வயது. பாளையங்கோட்டைக்காரர். பேட்டைத் தொழிற்பேட்டையில் கிங்ஸ்லி அண்ணாச்சியின் பட்டறையில் இருபத்து மூன்று வருடம் லேத் ஓட்டியவர். அவர் கடைந்து கொடுத்த இரும்பில் நூலளவு பிசகு காண முடியாது என்பார்கள். போன வருடம் மந்தநிலை வந்தது. [தொலைக்காட்சியில் அதை 'வளர்ச்சியின் தற்காலிக இளைப்பாறல்' என்றார்கள். இளைப்பாறும் உரிமை வளர்ச்சிக்கு மட்டும்தான் என்பது போகப்போகத் தெரியும்.] ஆர்டர் நின்றது. பட்டறை ஷட்டர் இறங்கியது. ஏழு மாதம் கிடைத்த கூலிக்கு அலைந்துவிட்டு, கடைசியில் அவர் அரசாங்கத்தின் 'வாழ்வாதார மீட்சிச் சிறப்புப் பெருந்திட்ட'த்தில் சேர்ந்தார். இவ்வளவு நீளமான பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கூலி நேரம் போய்விடும் என்பதால் ஜனங்கள் அதை 'வாய்க்கா வேலை' என்றார்கள். பேட்டையைத் தாண்டி ஒரு கிளை வாய்க்காலைத் தூர்வார வேண்டும். மொத்தம் நாற்பது பேர். ஐந்து பேருக்கு ஒரு குழி. அன்றன்றைக்கு அளந்து விடுவார்கள்.

முதல் வாரம் ஆளாளுக்கு வெட்டி, ஆளாளுக்குச் சுமந்து, கரையேறி இறங்கி இளைத்தார்கள். தேவதாசனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இருபத்து மூன்று வருடம் இயந்திரத்தின் முன்னால் நின்றவருக்கு வீணாகப் போகிற ஓர் அசைவு கூடக் கண்ணில் தூசி விழுந்த மாதிரி உறுத்தும்.

"ஏம்வே, ஆளுக்கு நூறு நடை நடந்தா மண்ணு கொறையுமா, நாம கொறைவோமா?" என்று கேட்டார். இரண்டு பேரை வெட்டவிட்டார். ஒருவர் அள்ள வேண்டியது, இரண்டு பேர் கரையில் நின்று வாங்க வேண்டியது. சட்டியில் சுமப்பதற்குப் பதிலாக, போன தேர்தலில் கிழிந்த ஃபிளெக்ஸ் பேனரை விரித்து, மண்ணை அதில் கொட்டிக் கயிறு கட்டி மேலே இழுக்கச் சொன்னார். ஒரு தலைவரின் சிரித்த முகத்தின் மேல் வண்டல் மண் வழுக்கிக்கொண்டு கரையேறியது. நான் அறிந்தவரை அந்தத் தலைவர் பொதுமக்களுக்கு நேரடியாகப் பயன்பட்டது அப்போதுதான்.

மற்ற ஏழு குழுவும் இதைப் பார்த்து அப்படியே செய்தன. இரண்டு மணி வரை இழுத்துக்கொண்டிருந்த வேலை பன்னிரண்டரைக்கே முடிய ஆரம்பித்தது. கரையில் நின்று வாங்கி விடுகிற வேலைக்குப் பாத்து என்கிற அறுபத்தொரு வயதுக் கிழவியைக் கூடப் போட முடிந்தது. அவளுக்கு முட்டு வலி. கரையேறி இறங்கச் சொன்னால் அவளால் ஆகாது.

ஆனால் வேலை முடிந்தாலும் வீட்டுக்குப் போக முடியாது. திட்டத்தின் விதி அப்படி. காலை ஏழு மணிக்கு ஒரு போட்டோ, பகல் இரண்டு மணிக்கு ஒரு போட்டோ. இரண்டிலும் முகம் இருந்தால்தான் அன்றைக்கு ஆள் வந்ததாகக் கணக்கு. நடுவில் மலையையே பெயர்த்திருந்தாலும் சரி, மண்ணைத் தொடாமலே இருந்திருந்தாலும் சரி. ஆகவே பன்னிரண்டரைக்கு வேலையை முடித்துவிட்டு, தாங்கள் வேலை செய்ததற்கு அத்தாட்சியாக நாற்பது பேரும் சும்மா இருந்தாக வேண்டும்.

போட்டோ எடுக்கும் பொறுப்பு கெசியாவுக்கு. இருபத்தாறு வயது, பி.காம். பணித்தளப் பொறுப்பாளர் என்பது பதவி. அந்த வாய்க்கால் கரையில் வேப்பமரத்தடியைத் தவிர வேறெங்கும் சிக்னல் கிடையாது. அங்கேயும் நினைத்தால்தான் வரும். சிக்னல் இருக்கிறதா என்று பார்க்க அவள் ஒரு வழி வைத்திருந்தாள். கண்ணில் பட்டதைப் படம் எடுத்து 'வாய்க்கா வேலை' வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். போய்ச் சேர்ந்தால் சிக்னல் உண்டு. ஆடு, வேப்பங்காய், அவளுடைய டிபன் டப்பா, கால் கட்டைவிரல் என்று தினம் ஒரு படம் வரும். குழுவில் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை ஆடு வரவில்லை. அவள் காலெல்லாம் சேறு. எதிரே தேவதாசன் படுத்திருந்தார்.

படம் போய்ச் சேர்ந்தது. கெசியா சந்தோஷப்பட்டாள்.*

* அந்தக் குழுவில் வேலைக்காரர்கள் நாற்பது பேர். வேலையே செய்யாதவர்கள் இருபத்திரண்டு பேர். பின்னவர்கள் எல்லாம் அடுத்த தேர்தலில் கவுன்சிலராக நிற்க இருப்பவர்கள்.

4

இருக்கிற கட்சிகளின் பெயரைப் போட்டால் வீட்டுக்கு ஆள் வரும். ஆகவே இரண்டு கட்சிகளை நானே ஆரம்பித்திருக்கிறேன். ஒன்று வடகரைக் கட்சி, மற்றது தென்கரைக் கட்சி. இரண்டும் எதிர்க்கட்சிகள்.

வடகரைக் கட்சியின் உள்ளூர் முகம் கிங்ஸ்லி அண்ணாச்சி. ஆமாம், அதே பட்டறை முதலாளிதான். "கொடுத்துக் கொடுத்து நாட்டையே சோம்பேறியாக்கிவிட்டார்கள்" என்பது அவர் கட்சி. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் உருட்டப் பெண்கள் வருவதில்லை, வயலில் களையெடுக்க ஆளில்லை, எல்லாரும் நிவாரணத்தைத் தின்றுவிட்டு நிழலில் கிடக்கிறார்கள் என்று மேடையில் கண் கலங்கினார். பட்டறை மூடியபோது அவருடைய வங்கிக் கடனுக்கு அரசாங்கம் இரண்டு வருட வட்டியைத் தள்ளுபடி செய்ததைப் பற்றிக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அது நிவாரணம் அல்லவாம், ஊக்குவிப்பாம். ஏழைக்குக் கொடுத்தால் கெட்டுப்போவான், முதலாளிக்குக் கொடுத்தால் ஊக்கம் வரும் என்கிற பொருளாதாரத்தை அவர் இரண்டே நிமிடத்தில் விளக்கி முடித்தார்.

தென்கரைக் கட்சிக்கு எஸ்றா சார். ஓய்வுபெற்ற ஆசிரியர். "இது நிவாரணமா, யானைப் பசிக்குச் சோளப்பொரியா?" என்பது அவர் கட்சி. மக்களின் கோபத்தை ஆற்றுவதற்கென்றே அரசாங்கம் இந்த அற்பக் கூலியைத் தருகிறது, பசி முற்றினால்தான் மாற்றம் வரும், அதை முற்றவிடாமல் செய்வது சூழ்ச்சி என்றார். பசியைப் பற்றி ஆராய அவர்கள் மணிமுத்தாற்றில் இரண்டு நாள் முகாம் நடத்தினார்கள். பிரியாணி நன்றாக இருந்ததாகக் கேள்வி.

நான் இரண்டு பேச்சையும் உட்கார்ந்து கேட்டேன். ஒருவர் கிழக்கே போனார், ஒருவர் மேற்கே போனார். ஆனால் இரண்டு நோட்டீசிலும் கடைசி வரி ஒன்றுதான்: "திட்டத்தை உடனே நிறுத்து!"

பேட்டை ரோட்டின் இரண்டு பக்கமும் தேவதாசன் பத்தடி நீளத்துக்குப் படுத்திருந்தார். வடகரைக்காரர்கள் படத்தை வெளிச்சமாக்கி அவரைக் கொஞ்சம் கொழுக்க வைத்திருந்தார்கள். தென்கரைக்காரர்கள் இருட்டாக்கி விலா எலும்பு வரைந்திருந்தார்கள். அச்சடித்தது ஒரே ஃபிளெக்ஸ் கடை. அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. மறுநாள் காலை 'ஓய்வு நேரத்தில் நிம்மதியாக இளைப்பாறும் பயனாளி' என்று அதே படத்தைத் தன் பக்கத்தில் வெளியிட்டது. திட்ட விதியில் ஓய்வு நேரம் என்று ஒன்றே கிடையாது என்பதை யாரோ எடுத்துச் சொல்ல, சாயங்காலம் எடுத்துவிட்டார்கள்.

[இவ்விடத்தில் வாசகர் 'இரண்டு தலைவர்களும் ஜென்மப் பகையாளிகள்' என்று நினைத்துக்கொள்வது இயல்பு. எஸ்றா சாரின் கூடப்பிறந்த அக்காளைத்தான் கிங்ஸ்லி அண்ணாச்சி கட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து இருவரும் ஒரே மேசையில்தான் சாப்பிடுவார்கள். அவர்கள் நிஜமாகவே முகத்தைத் திருப்பிக்கொள்வது சபைக் கமிட்டித் தேர்தல் நடக்கும் ஒரு மாதம் மட்டுமே.]

5

புதன்கிழமை சாயங்காலம் கிங்ஸ்லி அண்ணாச்சி தேவதாசன் வீட்டுக்கு வந்தார். தேவதாசனின் மனைவி ஜெபகனி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"ஏலே தேவதாசா, சொகமா இருக்கியா?"

"இருக்கேன் அண்ணாச்சி. பட்டறைய எப்பம் தெறப்பிய?"

"அதுக்குத்தாம்லே வந்திருக்கேன். சனிக்கெழம கூட்டத்துல மேடையேறி ஒரு வார்த்த சொல்லு. 'ஆமா, தூங்குனேன். சும்மா துட்டு வருது, உழைக்கத் தோணல, இந்தத் திட்டம் என்னக் கெடுத்துட்டு'ன்னு. பட்டறை தெறந்தா மொத ஆளு நீதான்."

"நான் தூங்கலையே."

"யாரு சொன்னா? படத்துல கண்ணு மூடியிருக்கு."

"மூஞ்சியில துண்டு கெடக்கு அண்ணாச்சி. கண்ணு எங்கன தெரியுது?"

கிங்ஸ்லி அண்ணாச்சி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் கெட்டவர் அல்ல. அப்படி எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும், அவ்வளவுதான். "இருபத்து மூணு வருசத்துல ஒன்னய ஒரு நாளு சும்மா உக்காந்து பாத்ததில்லலே," என்றார்.

"பெறவு எதுக்கு மேடையில சோம்பேறின்னிய?"

"அது ஒன்னய இல்ல. பொதுவாச் சொன்னது. படம் மட்டுந்தான் ஒன்னோடது."

வியாழக்கிழமை காலை, தேவதாசன் வேலைக்குக் கிளம்புமுன் எஸ்றா சார் வந்தார். கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், பின்னால் ஒரு போட்டோக்காரர்.

"நீரு மயங்கித்தான் விழுந்திருக்கீரு வே. உமக்கே தெரியல. மயங்குனவனுக்குத் தான் மயங்குனது எப்படித் தெரியும்?"

"செருப்ப மடக்கித் தலைக்கு வச்சுல்லா படுத்திருக்கேன் சார். மயங்கி விழுதவன் செருப்பக் கழட்டி, மடக்கி, தலைக்கு வச்சிட்டா விழுவான்?"

"செருப்ப நாங்க படத்துல வெட்டிட்டோம்."

தேவதாசன் சிரித்துவிட்டார். எஸ்றா சாருக்கு அது பிடிக்கவில்லை. "நாங்க கேக்கது உம்ம நல்லதுக்கு வே. கூடுதல் கூலி கேக்கோம்."

"கேளுங்க, நான் வேண்டாங்கல. ஆனா நோட்டீசுல 'நிறுத்து'ன்னுல்லா போட்டிருக்கு?"

"இத நிறுத்துனாத்தான் பெருசாக் கேக்க முடியும்."

"அதுவரைக்கும் என்ன செய்ய?"

எஸ்றா சார் ஹார்லிக்ஸ் பாட்டிலை மேசைமேல் வைத்தார். போட்டோக்காரர் அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

அவர்கள் போனபிறகு ஜெபகனி கேட்டாள்: "அந்த மனுசி கெசியாவுக்கு வேற நேரமே கெடைக்கலையா? ஏழு மணிக்கு இடுப்பளவு சேத்துல நிக்கும்போது ஒரு படம் எடுத்துப் போட்டா என்ன கொள்ளையா போவுது? அதுவும் இடுப்புல அந்தக் கிழிஞ்ச சாரத்தோட. நல்ல சாரம் ஒண்ணு பெட்டிக்குள்ள சும்மா கெடக்கு. ஊரு பூராவும் கிழிசலப் பாத்துட்டு."

இரண்டு கட்சிகளும் அரசாங்கமும் சேர்ந்து சொல்லாத ஒரு நியாயத்தை அவள் சொன்னதாக எனக்குப் பட்டது.

6

இவ்வளவு தூரம் எழுதியதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்தத் தேவதாசன் ரொம்பவும் நல்லவராக இருக்கிறாரே? கெட்டிக்காரர், நேர்மையானவர், நாக்கில் சுருக்கென்று பதில் வைத்திருப்பவர். வாசகர்கள் நம்பமாட்டார்கள். ஒரு குறை வைக்க வேண்டும்.

"தேவதாசனுக்கு மாலை நேரங்களில் மட்டும் கொஞ்சம்—"

அடித்துவிட்டேன். அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஏழை என்றாலே குடி என்று எழுதுவதும், பசி என்று எழுதுவதும் ஒரே ஃபிளெக்ஸ் கடையில் அச்சானவை.

ஆகவே ஆளையே நேரில் போய்ப் பார்ப்பது என்று கிளம்பினேன். வெள்ளிக்கிழமை பத்து மணி இருக்கும். வேலை நாளில் அவர் வீட்டில் இருந்தது எனக்கு ஆச்சரியம். "வேலைய நிப்பாட்டி வச்சிருக்காங்க. விசாரணையாம்," என்றார். நான் கதை எழுதுகிறேன் என்பதைச் சொன்னேன்.

"கதையா? தூங்குத மாதிரி எழுதுவியளா, மயங்குன மாதிரி எழுதுவியளா?"

"உள்ளத உள்ளபடி எழுதலாம்னு இருக்கேன்."

"அப்படி எழுதுனா நாப்பது பேருக்கும் சோலி முடிஞ்சிரும். பைய யோசிச்சு எழுதுங்க."

எனக்குப் புரியவில்லை. "அப்ப நீரு உண்மையில என்னதான் செஞ்சீரு?" என்று கேட்டேன்.

அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சும்மா படுத்திருந்தேன். சோலி முடிஞ்சிட்டு. குழி நாலு மூலையும் சதுரமா, அளவு புடிச்ச மாதிரி இருந்துச்சு. காத்து நல்லா வந்துச்சு. பட்டறை மூடுன நாள்லேருந்து படுத்தா ஏதாவது ஒண்ணு மனசுல ஓடிக்கிட்டே கெடக்கும். அன்னைக்கி ஒண்ணுமே ஓடல. நல்லா இருந்துச்சு சார்."

இதைக் கேட்டு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தப் பத்து நிமிட நிம்மதிக்குத்தான் நான் ஒரு சிரிப்புப் பொம்மையும் ஒரு கும்பிடு பொம்மையும் போட்டு அனுப்பியிருந்தேன். அவரிடம் அதைச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லுகிறேன், நீங்கள் வேறு யாரிடமும் சொல்லவேண்டாம்.

7

விசாரணை அதிகாரி ஓவர்சியர் ஃபஹ்மிதா. முப்பத்தைந்து வயது இருக்கும். தூர்வாருகிற எல்லா இடத்துக்கும் ஸ்கூட்டரில் அலைகிறவள். மேலிடத்திலிருந்து அவளுக்கு ஒரு படிவம் வந்திருந்தது. 12.41-க்குச் சம்பந்தப்பட்ட பணியாளர் என்ன நிலையில் இருந்தார்? இரண்டு கட்டங்கள். ஒன்று 'உறங்கினார்', மற்றது 'மயங்கினார்'. ஒன்றில் டிக் போட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். திங்கட்கிழமை பதினொரு மணிக்குள் படிவம் அலுவலகத்துக்குப் போகாவிட்டால் அந்த வாய்க்கால் பணி ரத்து.

எதில் போட்டால் என்ன ஆகும் என்பதை, நான் போய்ப் பார்ப்பதற்கு முந்தின சாயங்காலமே அவள் வந்து தேவதாசனிடம் மறைக்காமல் சொன்னாள். அவளும் மாதச் சம்பளக்காரிதான்.

உறங்கினார் என்று போட்டால், மேற்பார்வை சரியில்லை என்று கெசியாவை நீக்குவார்கள். அன்றைய கூலி நாற்பது பேருக்கும் பிடித்தம்.

மயங்கினார் என்று போட்டால், தேவதாசன் உடல் தகுதியில்லாதவர். பெயர் நீக்கம். அதோடு நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட அத்தனை பேரும் மருத்துவச் சான்று கொண்டுவர வேண்டும். நாற்பதில் இருபத்தாறு பேர் அந்த வயது. யார் உடம்பில் என்ன குறை இல்லை?

"உள்ளதச் சொல்லிருதேன்மா. சோலி முடிஞ்சு போட்டோவுக்குக் காத்துக் கெடந்தேன்னு."

"அத மட்டும் சொல்லிராதிய அண்ணே," என்றாள் ஃபஹ்மிதா. "பன்னெண்டரைக்கே முடியுதுன்னா அளவு கம்மின்னு எழுதுவாங்க. குழிய ஒண்ணரை மடங்காக்கிருவாங்க. கூலி அதேதான்."

ஒன்றரை மடங்கு என்றால் கரையில் நிற்க ஆள் கிடையாது; எல்லாரும் வெட்ட வேண்டும், சுமக்க வேண்டும். முதலில் உதிர்வது பாத்து. அவளைப்போல இன்னும் ஏழெட்டுப் பேர்.

தன் கெட்டிக்காரத்தனம் இப்படி வந்து முடியும் என்று தேவதாசன் நினைக்கவில்லை. "நான் சும்மா இருந்திருக்கணும்மா," என்றார். "அவங்கவங்க வெட்டி, அவங்கவங்க சொமந்து, ரெண்டு மணி வரைக்கும் இழுத்துக்கிட்டுக் கெடந்திருந்தா ஒரு பயலும் படம் புடிச்சிருக்க மாட்டான்."

நல்ல வேலைக்காரன் என்று ஊரில் பெயரெடுத்த ஒருவர் அப்படிச் சொன்னதை எழுதும்போது என் கிண்டல் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. தேடிப்பார்க்கிறேன். கிடைத்தால் அடுத்த பகுதியில் சேர்க்கிறேன்.

8

முடிவுகள் கைவசம் உள்ளன. வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

முடிவு ஒன்று: தேவதாசன் 'உறங்கினார்' என்று ஒப்புக்கொள்கிறார். மேடையேறுகிறார். கைதட்டல். திட்டம் நிற்கிறது. கிங்ஸ்லி அண்ணாச்சி பட்டறையைத் திறக்க ஆர்டருக்குக் காத்திருக்கிறார். வாங்குகிறவன் கையில் துட்டு இல்லாததால் ஆர்டர் வரவில்லை. வாங்குகிறவன் கையில் ஏன் துட்டு இல்லை என்று ஆராய வடகரைக் கட்சி ஒரு குழு அமைக்கிறது.

முடிவு இரண்டு: 'மயங்கினார்'. ஆஸ்பத்திரிக் கட்டிலில் குளுக்கோஸ் ஏறும் படம். ஊர்வலம். திட்டம் நிற்கிறது. பெரிய நிவாரணம் கேட்டுத் தென்கரைக் கட்சி போராடுகிறது. போராட்டம் வெற்றி பெறும்வரை சாப்பிட, மேசைமேல் அரைப் பாட்டில் ஹார்லிக்ஸ் இருக்கிறது.

முடிவு மூன்று: உண்மையைச் சொல்கிறார். வாய்மை வெல்கிறது. பாத்து வீட்டில் இருக்கிறாள்.

முடிவு நான்கு: திடீரென்று அமைச்சரின் கார் அந்த வழியாக வந்து நிற்க, அவர் இறங்கி, குழியின் சதுரத்தைப் பார்த்து வியந்து, தேவதாசனின் தோளில் கை—

மன்னியுங்கள். நேற்று ஒரு பழைய படம் பார்த்தேன்.

9

சனிக்கிழமைக் கூட்டத்துக்குத் தேவதாசன் போகவில்லை. திங்கட்கிழமை காலை வாய்க்கால் கரைக்கு நானும் போயிருந்தேன். கதாசிரியன் தன் கதைக்குள் போகக்கூடாது என்பார்கள். படம் தள்ளிவிடும்போதே நான் உள்ளே போய்விட்டேன், இனி என்ன.

வேலை நிறுத்தி வைத்திருந்தாலும் நாற்பது பேரும் வந்திருந்தார்கள். ரோட்டோரம் கிங்ஸ்லி அண்ணாச்சியின் காரும் அதற்குப் பின்னால் எஸ்றா சாரின் ஸ்கூட்டரும் நின்றன. இரண்டு போட்டோக்காரர்கள். ஃபஹ்மிதா ஸ்கூட்டர் சீட்டின் மேல் படிவத்தை விரித்து வைத்தாள். தேவதாசன் நல்ல சாரம் கட்டி வந்திருந்தார்; ஜெபகனியின் ஏற்பாடு.

பாத்து அவர் பக்கத்தில் வந்து சொன்னாள்: "எய்யா, என்ன நெனச்சு நீ கொழம்பாத. ஒனக்கு எது தோணுதோ அதப் போடு. அல்லா இருக்கான்."

அதைக் கேட்டபிறகுதான் அவருக்குக் குழப்பம் அதிகமானது. முகத்தில் தெரிந்தது.

படிவத்தை இரண்டு தடவை வாசித்தார். அளவுகோல் பார்க்கிற மாதிரி கண்ணைச் சுருக்கிக் கொண்டு வாசித்தார். "இன்னொரு கட்டம் இல்லையாம்மா?"

"இல்லண்ணே. இருந்தா நானே அதுல போட்ருக்க மாட்டேனா?"

தேவதாசன் பேனாவை வாங்கினார். போட்டோக்காரர்கள் நெருங்கினார்கள். அவர் இரண்டு கட்டங்களையும் தொடவில்லை. நேரே அடியில் போய், நிறுத்தி, நிதானமாக, தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"நான் அங்கன கெடந்தது உண்மை. அதுக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். என்ன செஞ்சேன்னு என்னயத் தவிர ஊருல எல்லாத்துக்கும் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சவங்க டிக்கப் போடட்டும்."

ஃபஹ்மிதா கெசியாவைப் பார்த்தாள். கெசியா அழுதுகொண்டிருந்தாள். ஃபஹ்மிதா ரோட்டுப் பக்கம் பார்த்தாள். மேடையில் அத்தனை உறுதியாகச் சொன்ன இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்தார்கள். கடைசியில் அவள் என்னிடம் நீட்டினாள். "சார், நீங்க படிச்சவங்க. பத்தே முக்கால் ஆவுது. ஒண்ணப் போட்டுக் குடுங்க."

பேனாவை வாங்கினேன். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி எனக்கு ஓய்வூதியம் வருகிறது. தினமும் பகல் ஒரு மணியிலிருந்து மூன்றரை வரை மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கிடக்கிறேன். அது உறக்கமா, மயக்கமா என்று இதுவரை எந்தக் கட்சியும் கேட்டதில்லை. இந்தக் கை எந்தக் கட்டத்தில் டிக் போடும்? என்னால் முடியவில்லை. இது பணிவு அல்ல, கோழைத்தனம். எழுத்தாளர்கள் அதற்குத் 'திறந்த முடிவு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே படிவத்தை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன்.

உறங்கினார் [   ]     மயங்கினார் [   ]

கையெழுத்து இருக்கிறது, கட்டங்கள் காலி. அந்தப் படம் உங்களுக்கும் வந்திருக்கும். பார்த்ததும் ஏதோ ஒன்று உங்களுக்கும் தோன்றியிருக்கும். தோன்றாமல் யாராவது இருப்போமா? அதைப் போடுங்கள். இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கிறது.

வெயில் ஏறிவிட்டது. நாற்பது பேரும் அந்த வேப்பமரத்தின் நிழலில்தான் காத்திருக்கிறார்கள். பாத்துவுக்கு முட்டு வலிக்கிறது. மரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறாள். உட்கார யாருக்கும் தைரியம் வரவில்லை.